கோச்சிப் பாதையில் ஆறு நாள்

முதல் நாள்: கண்டி – ஹட்டன்

இலங்கை மலையகத்துக்கு முதல் தடவை வருகிறவர்களை ஏமாற்றுவது வரைபடம்தான். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு வீதி வழியாக எண்பது கிலோமீட்டர் கூட இல்லை. திருச்சி, மதுரைப் பக்கத்துக் கணக்கில் அது ஒன்றரை மணிப் பயணம். இங்கே பஸ்ஸில் இரண்டரை மணியில் போனால் நல்ல ஓட்டம், மழை என்றால் மூன்றரை. அதனால் இந்தக் குறிப்புகளில் கிலோமீட்டரை விட மணிக்கணக்கும் உயரமும்தான் அதிகம் வரும். காலை பத்து மணிவரை மலை தெரியும், அதற்குப் பிறகு அது முகில் கையில். கட்டாயம் பார்க்க வேண்டியதைக் காலையிலும் தவறினாலும் பரவாயில்லை என்பதைப் பின்னேரத்திலும் வையுங்கள். ஆறு நாளும் இந்த ஒழுங்கில்தான் போகிறது.

முதலில் டிக்கெட். கொழும்பிலிருந்து பதுளை வரை சுமார் 290 கிலோமீட்டர் ஓடும் இந்த ரயில் பாதையில் ஆசனப் பதிவு பயண நாளுக்கு 30 நாள் முன்பு திறக்கும். விடுமுறைக் காலத்தில் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். பிறகு அதே ஆசனங்கள் இரண்டு மூன்று மடங்கு விலைக்கு இடைத்தரகர் கையில் கிடைக்கும். வாங்க வேண்டாம். பதிவில் பாஸ்போர்ட் எண் இருக்கும், அது உங்களுடையதோடு பொருந்தாவிட்டால் பணமும் போய் ஆசனமும் போகும். பதிவு கிடைக்காதவர்கள் அன்றே ஸ்டேஷனில் பதிவில்லாத இரண்டாம், மூன்றாம் வகுப்பு டிக்கெட் எடுக்கலாம். அதற்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது, உட்கார இடம் கிடைக்கும் என்ற உறுதியும் கிடையாது.

இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் தவறவிடும் விஷயம் ஒன்று. பயணம் முடிந்ததும் டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இறங்கும் ஸ்டேஷனில் வாசலில் நின்று அதை வாங்கிக்கொண்டுதான் வெளியே விடுவார்கள். தொலைத்தாலும் அபராதம், மூன்றாம் வகுப்பு டிக்கெட்டோடு இரண்டாம் வகுப்பில் ஏறினாலும் அபராதம். பலகைகளில் 'புகையிரத நிலையம்' என்றுதான் தமிழில் எழுதியிருக்கும். தேயிலைத் தோட்டத்து மக்கள் வாயில் ரயில் என்பது கோச்சி. 'கோச்சி வந்துருச்சா?' என்று கேட்டால் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் யாரும் பதில் சொல்வார்கள்.

கொழும்பிலிருந்து வரும் ரயில்களில் பொடி மெனிக்கே கண்டிக்குள் வந்து போகும். உடரட்ட மெனிக்கே கண்டிக்குள் வராமல் பேராதனைச் சந்தியிலேயே மலைப்பாதைக்குத் திரும்பிவிடும். கண்டியில் காத்திருந்து அதைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. எது எங்கே நிற்கும் என்று முதல் நாளே கவுண்டரில் கேட்டுவிடுங்கள். இரண்டாவது குழப்பம் ஆசனத் திசை. கண்டிக்குள் வந்த ரயில் வந்த பக்கமே திரும்பிப் போவதால், அதுவரை முன்னோக்கி இருந்தவர்கள் பின்னோக்கி இருப்பார்கள். தலைச்சுற்றல் உள்ளவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

நாவலப்பிட்டி வரை ரயில் ஓடும், அதற்குப் பிறகு ஏறும். இந்தப் பாதை நாவலப்பிட்டிக்கு வந்தது 1874இல், நானுஓயாவுக்குப் போனது 1885இல். இடையில் பதினொரு வருடம். ஏன் என்பதை இந்த ஏற்றத்தில் உட்கார்ந்திருக்கும்போது உடம்பே சொல்லும். 44 அடி முன்னே போனால் ஓர் அடி மேலே ஏறும் சரிவு இது, அதுவும் ஐந்தரை அடி அகலப் பாதையில், வளைவுக்கு வளைவு. நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டன் வரும்போது சுமார் 1,270 மீட்டர் உயரத்துக்கு வந்துவிடுவோம். காது அடைக்கும். எச்சிலை விழுங்கினால், இல்லாவிட்டால் ஒரு டொபி சப்பினால் திறந்துவிடும். தடிமன் (சளி) பிடித்த குழந்தைகளுக்கு இந்த இடத்தில் வலிக்கும், முன்கூட்டியே தண்ணீர் கொடுத்துக்கொண்டிருங்கள்.

தாமதம் பற்றி: இது ஒற்றைப் பாதை. எதிரே வரும் ரயில் ஸ்டேஷனுக்குள் வந்து ஒதுங்கினால்தான் நம்முடையது புறப்படும். ஒன்று பிந்தினால் அன்று முழுக்க எல்லாமே பிந்தும். வட்டவளைப் பக்கம் நாட்டிலேயே மழை மிக அதிகமான பகுதிகளில் ஒன்று. ஈரத் தண்டவாளத்தில் சில்லு (சக்கரம்) வழுக்கி எஞ்சின் திணறுவதும், மண் சரிந்து பாதை மூடுவதும் இங்கே வழக்கம். மழை நாட்களில் புறப்படும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று ஸ்டேஷனில் உறுதி செய்துகொள்ளுங்கள். ரயில் இறங்கி இரண்டு மணி நேரத்துக்குள் வேறு எதையும் பதிவு செய்து வைக்காதீர்கள்.

வாசலில் தொங்கிக்கொண்டு படம் எடுப்பதைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள், இருந்தும் உயிர்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. இந்தப் பாதையில் பாறையைக் குடைந்த வெட்டுகள் பெட்டியிலிருந்து கை எட்டும் தூரத்தில் வரும். வளைவில் முன்னால் என்ன வருகிறது என்பது வாசலில் நிற்பவருக்குத் தெரியாது. படியில் உட்கார்ந்து காலை வெளியே தொங்கப் போடுவது இன்னும் மோசம், மேடைகளின் விளிம்பில் முழங்கால் அடிபடும்.

ஹட்டனில் இறங்குங்கள். பணத்தை இங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள், சில்லறை நோட்டாக. மரக்கறிச் சாப்பாட்டுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சம்பல், பருப்பு, சில கடைகளில் கீரை வறை கூட மாசி போட்டுத்தான் செய்வார்கள். மாசி என்பது மீன், உலர்த்தி இடித்தது. மீன் குழம்பு இல்லை என்பதால் அது சைவச் சாப்பாடு ஆகிவிடாது. 'மாசி போடாததா?' என்று கேட்டே வாங்குங்கள். சைவக் கடை என்று பலகை போட்ட கடைகள் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் உண்டு.

ஹட்டன் மேடையில் நிற்கும்போது ஒன்றை அறிந்திருப்பது நல்லது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏற, இந்த மலைப்பாதை ஸ்டேஷன்களிலிருந்துதான் குடும்பங்கள் புறப்பட்டன. அண்ணன் இங்கே, தங்கை அங்கே என்று பிரிந்தார்கள். வழியனுப்ப வந்தவர்களின் அழுகையால் அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வந்தது. அப்படிப் போனவர்கள் குடியேறிய கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் இங்கே உள்ள பெரியவர்கள் 'நீங்க எந்தத் தோட்டம்?' என்று கேட்பது அதனால்தான். தோட்டம் என்றால் இங்கே தேயிலைத் தோட்டம், ஒரு முழு ஊர். உங்கள் தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் தெரிந்தால் எழுதி எடுத்து வாருங்கள். பெயர் ஒன்று போதும், வழி காட்ட ஆள் கிடைக்கும்.

இரண்டாம் நாள்: சிவனொளிபாதமலை

இந்த நாள் நடு இரவில் தொடங்குகிறது. உயரம் 2,243 மீட்டர். சிங்களவர்களுக்கு ஸ்ரீபாத, நமக்குச் சிவனொளிபாதம், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஆதாமோடு சேர்த்துச் சொல்லும் மலை. யாத்திரைப் பருவம் டிசம்பர் போயாவில் (முழுநிலா நாளில்) தொடங்கி மே மாத வெசாக் போயாவோடு முடியும். இந்தக் காலத்தில்தான் வழி முழுக்க விளக்கும் தேத்தண்ணிக் கடையும் இருக்கும். மற்ற மாதங்களில் ஏறத் தடையில்லை, ஆனால் விளக்கு இல்லை, கடை இல்லை, தென்மேற்குப் பருவமழை நேரே முகத்தில் அடிக்கும். முதல் தடவை வருகிறவர்கள் பருவத்தில் வருவதே சரி.

ஹட்டனிலிருந்து அடிவாரமான நல்லதண்ணிக்குப் பஸ்ஸில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். பருவத்தில் நேர் பஸ் ஓடும், மற்றக் காலத்தில் மஸ்கெலியாவில் மாற வேண்டும். ஏறும்போதே கண்டக்டரிடம், 'அண்ணே, நல்லதண்ணிக்கு நேரா போகுமா, மஸ்கெலியாவுல மாறணுமா?' என்று கேட்டுவிடுங்கள். முதல் நாள் பின்னேரமே போய் அறை எடுத்து, ஏழு மணிக்குப் படுத்துவிட வேண்டும்.

புறப்படும் நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள். பருவத்தில் சூரியன் ஆறு முதல் ஆறரை மணிக்குள் எழும். அதற்கு அரை மணி முன்பு உச்சியில் இருந்தால் போதும். சாதாரண நடைக்கு மூன்று முதல் மூன்றரை மணி நேரம், வயதானவர்களோடு என்றால் நாலரை. ஆக இளையவர்கள் இரண்டு மணிக்கு, பெரியவர்கள் இருந்தால் ஒரு மணிக்கே புறப்படுவது கணக்கு. பலர் செய்யும் பிழை அதிகம் சீக்கிரம் போய்விடுவது. நாலு மணிக்கே உச்சியில் நின்றால் வியர்வையில் ஊறிய சட்டையோடு இரண்டு மணி நேரம் காற்றில் நிற்க வேண்டும். காய்ச்சல் அங்கேதான் பிடிக்கிறது. சீக்கிரமாக வந்துவிட்டால் உச்சிக்கு அரை மணித் தூரத்தில் உள்ள கடை ஒன்றில் உட்காருங்கள், உச்சியில் உட்காராதீர்கள்.

பையில் வேண்டியவை: ஆளுக்கு ஒன்றரை லீட்டர் தண்ணீர், உலர்ந்த சட்டை ஒன்று (உச்சிக்குச் சற்று முன் மாற்ற), காற்று புகாத மேலுடை, காதை மூடும் குல்லா, டோர்ச், இரண்டு சோடி காலுறை. இரண்டாவது சோடி எதற்கு என்றால், உச்சியில் செருப்பைக் கழற்ற வேண்டும். கல்தரை பனிக்கட்டி போல இருக்கும், ஈரக் காலுறையோடு நிற்க முடியாது.

படிகள் 5,000க்கு மேல். தொடக்கத்தில் சமதளம் போலத் தெரியும். அந்த அரை மணியில் வேகமாக நடந்து தீர்த்தவர்கள் கடைசிப் பகுதியில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம் எதுவோ அதுவே சரியான வேகம். எதிரே இறங்கி வருகிற சிங்கள யாத்திரிகர்கள் 'கருணாவய்' என்று வாழ்த்துவார்கள். அதே சொல்லைத் திருப்பிச் சொன்னால் போதும், முகம் மலரும். சனி ஞாயிறும் போயா நாளும் தவிர்க்கவும். அந்த இரவுகளில் உச்சிக்கு அருகே வரிசை நகராது, சூரியோதயம் படியில் நின்றபடியே போய்விடும்.

சூரியன் எழுந்ததும் எல்லோரும் கிழக்கைப் பார்த்து நிற்பார்கள். சில நிமிடங்களில் மேற்குப் பக்கம் திரும்புங்கள். மலையின் நிழல் முக்கோணமாகப் பள்ளத்தாக்கின் மேல் விழுந்து கிடக்கும். சூரியன் ஏற ஏற அது மலையடியை நோக்கிச் சுருங்கும். வானம் தெளிந்த நாளில் மட்டும் கிடைக்கும் காட்சி. மணியை எத்தனை தடவை ஏறினீர்களோ அத்தனை தடவை அடிக்க வேண்டும் என்பது வழக்கம்.

இறக்கத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, ஆனால் வலி முழுதும் அங்கேதான். படிகளின் உயரம் ஒன்று போல இல்லை. குதித்து இறங்கினால் முழங்கால் அன்றே வீங்கும். சற்றுப் பக்கவாட்டில் திரும்பி, காலை வைத்துவிட்டுப் பிறகு எடையை மாற்றி இறங்குங்கள். கைத்தடி ஏற்றத்தை விட இறக்கத்துக்குத்தான் தேவை. ஒன்பதரை பத்து மணிக்குக் கீழே வந்ததும் வெந்நீரில் காலை வையுங்கள். அன்று வேறு எந்த இடமும் பார்க்கத் திட்டம் போடாதீர்கள்.

மூன்றாம் நாள்: ஹட்டன் – நுவரெலியா

கால் வலிக்கும் நாள், அதனால் பஸ். ஹட்டனிலிருந்து கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா வழியாக இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ரயிலில் போனால் ஹட்டனைத் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம், அரைக் கிலோமீட்டருக்கும் மேல், இந்தப் பாதையில் மிக நீளமானது. பஸ்ஸில் போனால் டெவன், சென்கிளயர் நீர்வீழ்ச்சிகள். டெவன் 97 மீட்டர். சென்கிளயர் அகலமானது, ஆனால் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியதிலிருந்து பழைய தண்ணீர் இல்லை. பழைய படங்களைப் பார்த்துவிட்டு வந்தால் மனம் வருந்தும். ஒரு நீர்வீழ்ச்சியை இழந்த துக்கம் தலவாக்கலை மக்களுக்கு உண்மையிலேயே உண்டு.

வாந்தி வருகிறவர்களுக்கு: முன் மூன்று வரிசைக்குள் உட்காரவும், பின் சில்லுக்கு மேல் உட்கார வேண்டாம். மாத்திரையைப் பஸ் புறப்பட அரை மணி முன்பே போட வேண்டும், வளைவு தொடங்கிய பின் போட்டுப் பயனில்லை. வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ப் பண்டமும் கூடாது. பாணும் (பிரெட்) இஞ்சி போட்ட பிளேன் டீயும் போதும். கைபேசியைப் பார்க்காமல் தூரத்து மலையைப் பாருங்கள்.

சொந்த வாகனமோ வேனோ என்றால் இறக்கத்தில் கவனம். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பு இழக்கும், கருகின வாடை வரும். அந்த வாடை வந்தால் உடனே ஒதுக்கி நிறுத்தி அரை மணி ஆற விடச் சொல்லுங்கள். சாரதிக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை. 2025 மே மாதம் கொத்மலைப் பகுதியில் கெரண்டி எல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதிகாலை நேரம் அது. இரவு முழுக்க ஓட்டிய சாரதியோடு மலை இறங்காதீர்கள்.

நுவரெலியா 1,868 மீட்டர். கொழும்பில் 30 பாகை என்றால் இங்கே பகலில் 18, 20. இரவில் பத்துக்குக் கீழும் போகும், ஜனவரியில் புல்லில் உறைபனி படியும் இரவுகளும் உண்டு. அறைக்குப் பணம் கொடுக்கும் முன் மூன்றைச் சோதியுங்கள்: வெந்நீர்க் குழாயைத் திறந்து ஐந்து நிமிடம் ஓட விடுங்கள், கம்பளியை முகர்ந்து பாருங்கள் (பூஞ்சண வாடை என்றால் அறையை மாற்றுங்கள்), சுவர் பிளக்கைப் பாருங்கள். புதிய கட்டிடங்களில் சதுர முள் பிளக், இந்திய வட்ட முள் சேராது. அடப்டரை டவுனில் எந்த மின்சாமான் கடையிலும் வாங்கலாம். இங்கே துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது, அதைக் கணக்கில் வைத்து உடுப்பு எடுத்து வரவும். ஏப்ரல் மாதம் இங்கே வசந்த காலக் கொண்டாட்டம். அறை வாடகை பல மடங்காகும், வீதிகள் ஒருவழியாகும். வேடிக்கை வேண்டுமென்றால் வாருங்கள், அமைதி வேண்டுமென்றால் பிப்ரவரி.

பின்னேரம் வெயில் இருந்தால் வெலிமடை வீதியில் சீதா எலிய, சீதை அம்மன் கோயில். அதே வீதியில் இன்னும் கொஞ்சம் போனால் ஹக்கல பூங்கா, 1861இல் மலேரியா மருந்துக்கான சிங்கோனா மரம் வளர்த்துப் பார்க்கத் தொடங்கிய இடம். மழை என்றால் இரண்டையும் விட்டுவிட்டுத் தூங்குங்கள். நாளை நாலு மணிக்கு எழ வேண்டும்.

நான்காம் நாள்: ஹோட்டன் சமவெளி

ஆறு நாளிலும் நேரம் தவறினால் முழுதாக வீணாகும் நாள் இதுதான். பூங்கா காலை ஆறு மணிக்குத் திறக்கும். நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாக ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், எனவே நாலரை ஐந்துக்குள் புறப்பட வேண்டும். முதல் நாளே வாகனம் பேசிவிடுங்கள். பேசும்போது மூன்றைத் தெளிவாக்குங்கள்: போகவரக் கூலி எவ்வளவு, காத்திருக்கும் நேரம் அதில் அடங்குமா, வாகனத்துக்கான நுழைவுக் கட்டணம் யார் பொறுப்பு.

நுழைவுச் சீட்டில் பலர் வாசலில் வாக்குவாதம் செய்கிறார்கள். வெளிநாட்டவர் கட்டணம் டொலர்க் கணக்கில், அதை ரூபாயாக மாற்றி வாங்குவார்கள். தலைக்குரிய கட்டணத்தோடு குழுவுக்கான சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம், வரி எல்லாம் சேரும். பலகையில் பார்த்த தொகையை ஆளால் பெருக்கினால் வருவதை விட இறுதித் தொகை கூடுவது அதனால்தான். அது ஏமாற்று அல்ல. சார்க் நாட்டவருக்குச் சலுகை உண்டு, பாஸ்போர்ட் காட்டினால்தான் கிடைக்கும். அறையில் விட்டுவிட்டு வந்தவர்கள் முழுக் கட்டணம் கட்டுவார்கள்.

அடுத்தது பை சோதனை. பிளாஸ்டிக் உறை, போத்தலைச் சுற்றிய பொலித்தீன் லேபல், பிஸ்கட் உறை எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிடுவார்கள். பிஸ்கட் காகிதத்தில்தான் உள்ளே போகும். இது நல்ல நடைமுறை, கோபப்படாதீர்கள். முன்பு மரைகள் (கடமான்கள்) பொலித்தீனைத் தின்று செத்திருக்கின்றன. சாப்பாட்டை வீட்டுச் சாப்பாட்டுப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தால் வரிசையில் பத்து நிமிடம் மிச்சம்.

நடை ஒரு வட்டம், சுமார் ஒன்பதரைக் கிலோமீட்டர், மூன்று முதல் நாலு மணி நேரம். கழிப்பறை தொடக்க இடத்தில்தான், வழியில் இல்லை. வட்டத்தில் மூன்று இடங்கள்: சின்ன உலக முடிவு, உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி. வழி பிரியும் இடத்தில் யோசிக்கவே வேண்டாம், முதலில் உலக முடிவுப் பக்கம் திரும்புங்கள். நீர்வீழ்ச்சி மத்தியானத்திலும் விழும். உலக முடிவோ ஒன்பது ஒன்பதரைக்குப் பிறகு வெள்ளைச் சுவராகிவிடும். காரணம் எளிது. கீழே பள்ளத்தாக்கு வெயிலில் சூடாகிறது, சூடான ஈரக்காற்று செங்குத்துப் பாறையை ஒட்டி மேலேறுகிறது, குளிர்ந்து முகிலாகி விளிம்பிலேயே நின்றுவிடுகிறது. கிட்டத்தட்ட 870 மீட்டர் நேர் இறக்கம் அது. ஏழரைக்கு அங்கே நிற்பவருக்குக் கீழே ஊர்களும் குளங்களும் தெரியும். பத்து மணிக்கு வருபவருக்குப் பக்கத்தில் நிற்பவர் முகம் மட்டும் தெரியும்.

முகில் மூடியிருந்தால் உடனே திரும்பாதீர்கள். காற்று இருந்தால் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை சற்றுத் திறக்கும். காற்றே இல்லை என்றால் காத்திருந்து பயனில்லை, நீர்வீழ்ச்சிக்குப் போகலாம். விளிம்பில் நிற்கும்போது குழந்தையின் கையை விடவே கூடாது. புல் ஈரமாக இருக்கும், விளிம்பு எங்கே முடிகிறது என்று முகிலில் தெரியாது. படத்துக்காகப் பின்னால் நகர்ந்து விழுந்தவர்கள் உண்டு.

தரை சிவந்த களிமண்ணும் மரவேரும். அடி தேய்ந்த சப்பாத்து வழுக்கும், புதிய சப்பாத்து குதிகாலைக் கடிக்கும். பழகின, அடியில் பல் உள்ள சப்பாத்து போதும். காலையில் கை விறைக்கும் குளிர், ஒன்பது மணிக்குப் பிறகு உச்சி வெயில். உயரத்தில் வெயில் சுடுவது தெரியாது, இரவில் கழுத்து எரியும்போதுதான் தெரியும். தொப்பியும் கழுத்துத் துணியும் அவசியம். மரைகள் வாகனத் தரிப்பிடத்துக்கே வந்து நிற்கும். பார்க்கலாம், உணவு கொடுக்கக் கூடாது, தொடக் கூடாது. இந்தச் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாகி, 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. வழியை விட்டு ஓரடி விலகினாலும் நசுங்கிய புல் மீள நாளாகும். பாதையிலேயே நடங்கள்.

ஐந்தாம் நாள்: நானுஓயா – அப்புத்தளை

நுவரெலியாவுக்கு ரயில் வராது. எட்டுக் கிலோமீட்டர் இறங்கி நானுஓயாவில்தான் ஏற வேண்டும். ஆட்டோவுக்கு அரை மணி ஒதுக்குங்கள், கூலியை ஏறும் முன் பேசுங்கள்.

இன்றைக்குப் பார்க்க வேண்டியது ஒரு சுரங்கத்தின் இரண்டு முனைகள். பட்டிப்பொல 1,891 மீட்டரில் இலங்கையின் மிக உயரமான ஸ்டேஷன். அதைத் தாண்டி 1,898 மீட்டரில் பாதையின் உச்சி, அங்கிருந்து ஒரு சுரங்கம், அப்பால் ஊவா மாகாணம். மே முதல் செப்டம்பர் வரை சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் மழையில் நனைந்து, அந்தப் பக்கம் வெயிலில் கண் கூசுவது வழக்கமான அனுபவம். தென்மேற்குக் காற்று மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக ஊவாவில் இறங்குகிறது. ஜூலை, ஓகஸ்டில் அந்த வறண்ட காற்றுப் பட்ட கொழுந்தில்தான் ஊவாத் தேயிலையின் மணம் வருகிறது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை இது தலைகீழாகும், ஊவாப் பக்கம் மழையும் மண்சரிவும். 'மலையகத்துக்கு எந்த மாதம் வரலாம்?' என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லாதது இதனால்தான். எந்தச் சரிவு என்று முதலில் கேட்க வேண்டும்.

ஒஹியவுக்குப் பிறகு வலப்பக்கம் உட்காருங்கள், தெற்குச் சமவெளி முழுதும் கீழே விரியும். இதல்கஸ்ஹின்னவில் மலைமுகட்டின் மேலேயே ஸ்டேஷன், இரண்டு பக்கமும் பள்ளம்.

அப்புத்தளையில் இறங்கி, டவுனிலிருந்து தம்பேதன்னைத் தோட்டத்துக்குப் பஸ். 1890இல் தோமஸ் லிப்டன் கட்டிய தேயிலை ஸ்டோர், அதாவது தொழிற்சாலை, அங்கே இருக்கிறது. ஸ்டோர் பார்க்கப் போகிறவர்கள் நாளைப் பார்த்துப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து பறிக்காத தோட்டத்தில் திங்கள் காலை வாட்டும் தட்டு வெறுமையாக இருக்கும், இயந்திரம் ஓடாது. பறித்த கொழுந்து 12 முதல் 18 மணி நேரம் வாடி, ஈரத்தில் ஏறத்தாழப் பாதி இறங்கிய பிறகுதான் உருட்டுவார்கள். உருட்டியதைப் பரப்பி வைத்தால் பச்சை செம்பாகும், வாசனை அங்கேதான் பிறக்கிறது. கொஞ்சம் பிந்தினாலும் புளித்துவிடும், அதனால் அந்த அறையில் வேலை செய்பவர்களிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். பிறகு சூட்டில் ஈரம் 3 சதவீதமாகும் வரை உலர்த்தி, சலித்துத் தரம் பிரிப்பார்கள். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோவுக்கும் மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். ஒரு நாள் பேர் போட ஓர் அக்கா பறிக்க வேண்டிய எடையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். எடை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்.

அதனால் மலையில் கொழுந்து பறிப்பவர்களை நிறுத்தி வைத்துப் படம் எடுப்பது அவர்களின் கூலியைத் தொடுகிற விஷயம். 'அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?' என்று கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். எடை போடும் நேரத்தில் கேட்கவே வேண்டாம். லயத்துப் பக்கம் (தொழிலாளரின் வரிசை வீடுகள்) கூப்பிட்டால் மட்டும் போங்கள். திறந்திருக்கும் காம்பராக் கதவு ஒரு குடும்பத்தின் வீட்டு வாசல்.

லிப்டன் சீட் என்ற காட்சி முனை, ஸ்டோரிலிருந்து ஏழு கிலோமீட்டர் ஏற்றம். ஆட்டோவில் ஏறி, நடந்து இறங்குவதே கெட்டிக்காரத்தனம். வெயிலில் ஏறி நடப்பதற்கு இரண்டரை மணி நேரம் போகும், அதற்குள் முகில் வந்துவிடும். ரயிலில் வந்த அன்றே போனால் பெரும்பாலும் வெள்ளைதான் தெரியும். அப்புத்தளையில் இரவு தங்கி, மறுநாள் ஐந்தரைக்கு ஆட்டோ பிடியுங்கள். மேலே தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் கிடைக்கும். சைவக்காரர்கள் மாசியை மறக்காதீர்கள்.

ஆறாம் நாள்: எல்ல – தெமோதரை – பதுளை

எல்லவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகவே சொல்லலாம். இதுவரை தமிழிலேயே நடந்த பேச்சு இங்கே சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மாறும், விலையும் மாறும். ஒன்பது வளைவுப் பாலம் 1921ஆம் ஆண்டினது, 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம், செங்கல்லும் கல்லும் சீமெந்தும், உருக்கு இல்லை. அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று எல்ல ஸ்டேஷனில் கேட்டு, அரை மணி முன்பு போனால் போதும். தண்டவாளத்தின் மேல் நடந்து போவது பழக்கமாகிவிட்டது, ஆனால் பாலத்தை ஒட்டிய சுரங்கத்தில் ஒதுங்க இடம் கிடையாது. ஊர்ப்பாதையில் இறங்குங்கள்.

பாலத்தை விடத் தெமோதரை மேலானது என்பதே எமது கருத்து. ஸ்டேஷனை விட்ட ரயில் ஒரு முழு வட்டம் சுற்றி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் போகும். சரிவு அளவை மீறாமல் உயரத்தை இறக்க வேறு வழியில்லாத இடத்தில் கண்டுபிடித்த தீர்வு. எல்லவில் இறங்காமல் பதுளை வரை டிக்கெட் எடுத்தால்தான் இதை உள்ளிருந்து பார்க்கலாம், கூட்டமும் எல்லவோடு இறங்கிவிடும்.

பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். பாதை இங்கே முடிகிறது. உயரம் 700 மீட்டருக்கும் கீழே, உடம்பு மறுபடி வியர்க்கும். எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றிப் பையின் அடியில் திணிப்பது இங்கேதான். இரவு ரயிலில் கொழும்பு திரும்புகிறவர்கள் அதைச் செய்யாதீர்கள். அந்த ரயில் முதலில் மறுபடி 1,898 மீட்டருக்கு ஏறித்தான் இறங்கும். பட்டிப்பொலவைக் கடக்கும்போது இரவாகியிருக்கும், சில ஜன்னல்கள் முழுதாக மூடாது, பைகளோ தலைக்கு மேல் தட்டில் பிறர் பைகளுக்கு அடியில் கிடக்கும். ஸ்வெட்டர், குல்லா, தண்ணீர்ப் போத்தல், டிக்கெட் நாலும் மடியில் இருக்கட்டும். ஏறியதும் உங்கள் ஜன்னலை ஒரு தடவை மூடிப் பாருங்கள். சிக்கிக்கொண்டால் பதுளையில் ரயில் நிற்கும்போதே ஆளைக் கூப்பிட்டுச் சரி செய்துவிடுங்கள்.